அப்பழுக்கற்ற ஆட்டக்காரர்

"இதுல நான் எதைத் தோய்க்கிறது?" என்று என் தங்கை ஹூரியா கேட்டாள்.

சலவை இயந்திரத்தின் மூடி திறந்திருந்தது. அவள் கையில் அவள் புருஷன் ரெவெட்டியின் ஜெர்சி. வைரங்கா மாகாண ரக்பி அணியின் ஜெர்சி அது. பச்சையில் கறுப்புக் கோடு, நெஞ்சில் ஆட்டுக் குடல்புழு மருந்துக் கம்பெனியின் விளம்பரம், முதுகில் பதினெட்டாம் எண். முந்தின நாள் கொட்டுகிற மழையில் ஆட்டம் நடந்திருக்கிறது. ஜெர்சியோ கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோல மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

"சும்மா ஒரு சுத்து சுத்தட்டும், போடு," என்றான் ரெவெட்டி, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "கொடியில தொங்கலேன்னா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?"

நான் பால் லாரி ஓட்டுகிறவன். மட்டாய் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் எனக்குத் தெரியாத மாட்டுப்பண்ணை கிடையாது. போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள்: "என்ன ஹேனாரே, உன் மாப்பிள்ளை இந்த வாரமாவது எழுந்து நின்னானா?" நான் என்ன பதில் சொல்ல? மாகாணத்தின் தொழில்முறை ஆட்டக்காரன், சம்பளம் வாங்குகிறவன், மூன்று பருவமாக ஒரு தடவைகூட மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரெவெட்டி ப்ராப். ஸ்க்ரம் என்று எட்டுப் பேர் ஒரு பக்கம், எட்டுப் பேர் மறுபக்கம் குனிந்து, தோளோடு தோள் பூட்டிக்கொண்டு தள்ளுகிறார்களே, அதில் முன்வரிசையின் ஓரத்தில் நிற்கிறவன். அவனுக்குப் பந்தைப் பிடிக்க வராது. ஓடச் சொன்னால் கொஞ்ச தூரத்தில் நின்று யோசிப்பான். ஆனால் தள்ளுவான். மட்டாய் கிளப்பில் அவன் தள்ளின ஒரு ஸ்க்ரம்மில் எதிரணி மொத்தமும் பின்னாலேயே போய், வேலியைத் தாண்டி, குயினி அத்தையின் கிழங்குத் தோட்டத்தில் உட்கார்ந்தது. அதைப் பார்த்துத்தான் மாகாணச் சங்கம் அவனைக் கூப்பிட்டது. இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு வெட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் போனான்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மாகாண ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒரு ஸ்க்ரம் தள்ள வேண்டும். நிறைய வேண்டாம், ஒன்று போதும். வயது முப்பத்துநாலு ஆகிவிட்டது. குளிர்காலம் வந்தால் கழுத்து ஒரு பக்கமாகத்தான் திரும்புகிறது. இனி அவனுக்குப் பத்துப் பருவம் பாக்கி இல்லை என்று அவனுக்கும் தெரியும், ஹூரியாவுக்கும் தெரியும்.

கேடு எங்கே வந்தது என்றால், சங்கத் தலைவர் மர்வின் டட்ஃபீல்டிடமிருந்து வந்தது.

முன்பு ஒரு காலத்தில் வைரங்கா அரையிறுதி வரைக்கும் போனது. அன்றைக்கு ப்ராப்கள் வரிசையாக அடிபட்டு வெளியே வந்தார்கள். பெஞ்சிலும் வேறு ப்ராப் இல்லை. பழக்கமில்லாதவனை முன்வரிசையில் நிறுத்தினால் கழுத்து முறிந்துவிடும் என்பதால் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு அணியில் முன்வரிசை ஆள் தீர்ந்துபோனால் பிறகு யாரும் தள்ளக்கூடாது. இரண்டு பக்கமும் சும்மா சாய்ந்துகொள்ளலாம். ஆள் தீர்ந்த அணி தண்டனையாக இன்னொருவனையும் வெளியே அனுப்ப வேண்டும். அப்படித்தான் அன்றைக்கு ஆயிற்று, தோற்றோம். டட்ஃபீல்ட் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அந்த ஆள் ஆடு ஏலம் விட்டே பெரிய மனுஷனானவர். தன் வாய் சம்பந்தமான எதையும் அவர் மறக்கிறவர் இல்லை.

அன்றிலிருந்து பெஞ்சில் எப்போதும் ஒரு முழு ப்ராப் பத்திரமாக இருந்தாக வேண்டும் என்று தீர்மானம். அந்தப் பத்திரம்தான் என் மாப்பிள்ளை.

முதல் பருவத்தில் ஐந்தாறு ஆட்டம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ரெவெட்டி பயிற்சியாளர் டல்லக்கிடம் போய்க் கேட்டான். நான் அவனை ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தேன், கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

"கோச், நான் எப்ப உள்ள போவேன்?"

"நீ உள்ள போயிட்டா பெஞ்சுல யாரு இருப்பா?"

"லூட்டு இருப்பான்ல?" லூட்டு என்பவன் ரெவெட்டியின் இடத்தில் முதலிலிருந்து ஆடுகிற சமோவாக்காரப் பையன். லாரி மோதினால் லாரிக்குத்தான் செலவு வைப்பான்.

"லூட்டு ஏற்கனவே களைச்சுப்போயிருப்பான். அப்ப உனக்கு அடிபட்டா?"

"லூட்டு திரும்பி உள்ள வரலாமே, கோச். சட்டத்துல இடம் இருக்கே."

"சட்டத்துல இருக்கு. தலைவர் மனசுல இல்ல," என்றார் டல்லக். பிறகு அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இங்க பாரு ரெவெட்டி. உன்னை மாதிரி முக்கியமான ஆளை விளையாட விட்டு வீணாக்க முடியாதுப்பா."

ரெவெட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்தான். பாலத்தைத் தாண்டினதும், "மச்சான், அவரு என்னைப் பாராட்டினாரா, திட்டினாரா?" என்று கேட்டான்.

"எனக்கென்னடா தெரியும்," என்றேன்.

உட்காருவதற்கும் பயிற்சி உண்டு, தெரியுமா? ஆக்லாந்திலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். கால்மேல் கால் போடக்கூடாது, கேமரா திரும்பினால் முழங்கையை முட்டியில் ஊன்றி முன்னால் சாய வேண்டும், கண்ணில் பசி தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ரெவெட்டி உண்மையிலேயே பசியோடு இருந்ததால் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். பெஞ்சில் இருக்கிறவர்களை மாற்று ஆள் என்று கூப்பிட்டால் மனம் புண்படுகிறது என்று சங்கம் ஒரு குழு போட்டு, இனி அவர்கள் 'நிறைவாளர்கள்' என்று அறிவித்தது. எதையுமே ஆரம்பிக்காத ஒருவன் எதை நிறைவு செய்வான் என்று நான் ஹூரியாவிடம் கேட்டேன். "சாண்ட்விச்சை," என்றாள் அவள்.

உடம்பு சூடாக இருக்க வேண்டும் என்று கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு உடற்பயிற்சி சைக்கிளைப் போட்டு அதில் ஏற்றிவிடுவார்கள். ஆட்டம் முழுக்க மிதிப்பான். மழையென்றால் சைக்கிளுக்கு மேல் குடை. ஜெர்சியில் சேறு பட்டுவிடப் போகிறதே என்ற அக்கறை. பண்ணைக்காரர்கள் வேலியோரம் நின்று கத்துவார்கள்: "டேய் ரெவெட்டி, மிதிச்சு மிதிச்சு வெலிங்டன் துறைமுகம் வந்துடுச்சாடா? இறங்குடா, கப்பலப் புடிக்கணும்!" அவன் கை அசைப்பான். கோபப்பட மாட்டான். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

லூட்டு நல்ல பையன். அவனுக்கே இது பொறுக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வந்து, "மன்னிச்சிடுண்ணே, இன்னிக்கும் எனக்கு ஒண்ணும் ஆகல," என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். ஒரு சனிக்கிழமை அவனாகவே ஒரு ஏற்பாடு செய்தான். ஆட்டம் பாதி தாண்டினதும் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். உருண்டான். முனகினான். ரெவெட்டி சைக்கிளிலிருந்து குதித்து ஓடிவந்து கோட்டோரம் நின்றான். முழுசாக ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அப்போதுதான் பார்வையாளர் வரிசையிலிருந்து லூட்டுவின் அம்மா எழுந்தார். "எந்திரிடா! எந்தக் கால் வலிக்குதுன்னு முதல்ல முடிவு பண்ணுடா! பால் குடுத்து வளர்த்தவ இங்க உக்காந்திருக்கேன், யாருகிட்ட நடிக்கிற?" என்று அந்த அம்மாள் போட்ட சத்தம் எதிர்க்கரை மலையில் மோதித் திரும்பி வந்தது. லூட்டு எழுந்தான். எழுந்தவன் அம்மாவுக்குப் பயந்து அன்றைக்கு என்றுமில்லாத வேகத்தில் ஆடினான். ரெவெட்டி திரும்பிப் போய் சைக்கிளில் ஏறிக்கொண்டான்.

இரண்டாம் பருவ முடிவில் ஒரு அதிசயம் நடந்தது. சங்கம் புதிதாக ஒரு கணினி ஏற்பாடு வாங்கியிருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரனும் எத்தனை தடவை எதிராளியைப் பிடிக்கத் தவறினான், எத்தனை பெனால்டி கொடுத்தான், எத்தனை பந்தைக் கைநழுவ விட்டான் என்று அது கணக்குப் போட்டுத் தரவரிசை கொடுக்கும். போட்டுப் பார்த்தார்கள். மாகாணத்திலேயே முதலிடம், ரெவெட்டி மோரெஹு. பிடிக்கத் தவறியது பூஜ்யம். பெனால்டி பூஜ்யம். கைநழுவல் பூஜ்யம். ஓடின தூரம் மட்டும் எல்லோரையும்விட அதிகம், ஏனென்றால் அந்த முட்டாள் கணினி சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது.

இதைப் பார்த்து யாராவது சிரித்திருக்க வேண்டும் இல்லையா? சிரிக்கவில்லை. விழா எடுத்தார்கள்.

கறுப்புக் கோட்டும் சங்கத்துக் கழுத்துப்பட்டையுமாக டட்ஃபீல்ட் மேடையேறினார். முதலில் குடல்புழு மருந்துக் கம்பெனிக்கு நன்றி சொன்னார். பிறகு நடுவருக்கு. பிறகு முட்டை சாண்ட்விச் செய்த பெண்களுக்கு. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நண்பர்களே, இருபது வருஷமா இந்தச் சங்கத்துல நான் எத்தனையோ ஆட்டக்காரங்களைப் பார்த்துட்டேன். எல்லார்கிட்டயும் ஒரு குறை. ஏன்? உள்ள இறங்கிடறாங்க. இறங்கினா தப்பு வரும். தப்பு வந்தா பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா கம்பெனிக்காரர் எனக்குப் போன் பண்ணுவாரு. ரெவெட்டியைப் பத்தி எனக்கு இதுவரைக்கும் ஒரு போன் வந்தது கிடையாது! இளைஞர்களே, இவரைப் பாத்துக் கத்துக்கோங்க. அப்பழுக்கற்ற ஆட்டக்காரர்னா இவருதான்!"

கைதட்டினார்கள். ரெவெட்டி கையில் வெள்ளிக் கோப்பை. அதைப் பிடித்துக்கொண்டு அவன் பேந்தப் பேந்த விழித்தான்.

"நன்றி தலைவரே. அடுத்த ஆட்டத்துல நான் இறங்கலாமா?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டான்.

அரங்கமே சிரித்தது. நகைச்சுவை உணர்வும் இருக்கிறது என்று டட்ஃபீல்ட் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டினார்கள். கூடவே ஒரு புது விதி: மாகாணப் பருவம் தொடங்குகிறதுக்கு முந்தி நடக்கிற கிளப் ஆட்டங்களிலும் அவன் ஆடக்கூடாது. அடிபட்டுவிட்டால் அப்பழுக்கு வந்துவிடுமாம்.

அதுவரைக்கும் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் மட்டாய் கிளப்புதான். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நான் ப்ராப்தானா மச்சான்?" என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சமையலறைச் சுவரில் தோளை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா தள்ளிக்கொண்டு நின்றான். ஹூரியா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் அழுததை நான் பார்த்தேன். ஒரு ஆம்பளையை அடித்து உட்கார வைக்கலாம், சம்பளம் கொடுத்தா உட்கார வைப்பார்கள்?

மூன்றாவது பருவத்தில் வைரங்கா இறுதிப்போட்டிக்கு வந்தது. நான் லாரியை வேறொருவனிடம் விட்டுவிட்டுப் போனேன். ஊரே போயிருந்தது. குயினி அத்தை மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தார். மட்டாய் கிளப்பின் செயலாளர், பொருளாளர், சமையல்காரி, ஜெர்சி தைக்கிறவர் எல்லாமே அந்த அத்தைதான்.

எண்பது நிமிஷம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்க்ரம், பந்து எங்களுடையது. அதைத் தாங்கிப் பிடித்தால் கோப்பை நமக்கு. முந்தின மோதலில் யாருடைய முழங்கையோ பட்டு லூட்டுவின் மூக்கு உடைந்து ரத்தம் வந்தது. ரத்தம் வந்தால் வெளியே போய்த்தான் ஆக வேண்டும், அதில் கோச்சுக்கோ தலைவருக்கோ பேச்சே கிடையாது. லூட்டு என்ன செய்தான் தெரியுமா? துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் முகம் பூராவும் பூசிக்கொண்டு நேராக நடுவரிடம் போய் நின்றான். "சார், ரத்தம் சார்! நிறைய ரத்தம்!" அப்படி ஒரு சந்தோஷத்தோடு ரத்தம் சிந்தினவனை நான் பார்த்ததே இல்லை. அவன் அம்மாகூட அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ரெவெட்டி சைக்கிளிலிருந்து இறங்கினான். வேகமாக இறங்கினதில் சைக்கிள் சாய்ந்துவிட்டது. வேலியோரம் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "ரெவெட்டி! ரெவெட்டி!" ஹூரியா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். அவன் கோட்டைத் தாண்டினான். மூன்று பருவம் கழித்து என் மாப்பிள்ளை மைதானத்துக்குள் நிற்கிறான். நானும் எழுந்து கத்தினேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவன் குனிந்து காலை ஊன்றிப் புல்லைக் கீறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எதிரணி ப்ராப் ஒருவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவர்களுக்கு அதற்கு முன்பே இரண்டு ப்ராப்கள் அடிபட்டுப் போயிருந்தார்கள். பெஞ்சில் வேறு ஆள் இல்லை. நடுவர் கையைத் தூக்கினார்.

"இனிமே தள்ளக்கூடாது. இரண்டு பக்கமும் சும்மா சாஞ்சுக்கணும்."

"சார்?" என்றான் ரெவெட்டி.

"தள்ளக்கூடாது."

"கொஞ்சமாவது, சார்?"

"ஒரு அங்குலம்கூடக் கூடாது."

பதினாறு தடியன்கள் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கட்டிக்கொள்கிற மாதிரி தோளோடு தோள் சாய்ந்தார்கள். பந்து உருண்டு வந்தது. எங்கள் ஆள் ஒருவன் அதை எடுத்து வெளியே உதைத்தான். விசில். ஆட்டம் முடிந்தது. வைரங்கா சாம்பியன். எல்லோரும் ஓடிப் போய் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ரெவெட்டி மட்டும் குனிந்த இடத்திலேயே குனிந்து நின்றான். ஜெர்சியில் ஒரு பொட்டு இல்லை.

இரண்டு அணியும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து அதன் பிறகு கூடத்தில் நடந்தது. டட்ஃபீல்ட் அன்றைக்குப் பேசின பேச்சை அப்படியே சொல்கிறேன்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா! அவங்ககிட்ட ஒரு ரெவெட்டி இல்ல! அதனாலதான் அவங்களுக்கு அந்த கதி! அன்னிக்கு எனக்கு நடந்தது இன்னிக்கு அவங்களுக்கு நடந்திருக்கு, இதுக்காகத்தான் நான் உயிரோட இருந்தேன்! ரெவெட்டி உள்ள போனாரு, தள்ளல, யாரையும் தொந்தரவு பண்ணல, கௌரவமா வெளிய வந்தாரு. ஒரு ப்ராப் எப்படித் தள்ளணும்னு பல பேருக்குத் தெரியும். எப்படித் தள்ளாம இருக்கணும்னு இவருக்குத்தான் தெரியும்! அடுத்த வருஷமும் இவருதான் அங்க உக்காருவாரு, நான் வாக்குக் குடுக்கறேன்!"

ரெவெட்டி எழுந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த சாஸேஜ் ரோலைத் தட்டில் வைத்தான். எதிரணி மேஜைக்குப் போனான். அடிபட்ட கழுத்தில் கட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை விட்டுவிட்டு, கடைசிவரை மைதானத்தில் நின்ற அவர்களுடைய ப்ராப்பின் முன்னால் நின்றான். அவனுக்கு ஆட்டத்தில் கண்ணுக்கு மேல் தையல். மற்றபடி நல்ல தெம்பாக இருந்தான்.

"தம்பி, ஒரே ஒரு தடவை வர்றியா?"

அந்தப் பையன் அவனை மேலும் கீழும் பார்த்தான். ப்ராப்களுக்குள் ஒரு புரிதல் உண்டு, மற்றவர்களுக்கு அது விளங்காது. தட்டை ஓரமாக வைத்துவிட்டு, "வாண்ணே," என்று எழுந்தான். அவனோடு இன்னும் ஏழு பேர் எழுந்தார்கள். இந்தப் பக்கம் மூக்கில் பஞ்சோடு லூட்டு ஓடிவந்து ரெவெட்டிக்குப் பின்னால் குனிந்தான். கோட்டும் கழுத்துப்பட்டையுமாக எட்டுக்கு எட்டு, நடுக்கூடத்தில், பளபளவென்று மெழுகு போட்ட தரையில். "டேய், ஷூவைக் கழட்டுங்கடா, வழுக்கும்!" என்று குயினி அத்தை கத்தினார். கழற்றினார்கள்.

பிறகு தள்ளினார்கள்.

எதிரணி முதலில் சாண்ட்விச் மேஜைக்குள் போனது. மேஜை மேடையைப் போய் இடித்தது. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற டட்ஃபீல்ட் அதோடு சேர்ந்து பின்னாலேயே போய்த் திரைச்சீலைக்குள் மறைந்தார். ஒலிபெருக்கி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. "நடுவர்! நடுவர் எங்கய்யா!" என்று அவர் கத்தினது கூடம் முழுக்கக் கேட்டது. நடுவர் இறைச்சி 'பை' சாப்பிட்டுக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டத்தின் மானத்தைக் கெடுத்துவிட்டான் என்று ரெவெட்டிமேல் விசாரணை வைத்தார்கள். நகரத்திலிருந்து ஒரு வக்கீலம்மா விசாரணை அதிகாரியாக வந்தார். நானும் ஹூரியாவும் குயினி அத்தையும் பின்வரிசையில் இருந்தோம். மூன்று ஆட்டம் தடை என்று தீர்ப்பாயிற்று. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"தடைன்னா அது உண்மையான தடையா இருக்கணும்," என்றார் வக்கீலம்மா. "அவர் விளையாடக்கூடிய ஆட்டத்தைத்தான் கணக்குல எடுத்துக்க முடியும். கோச், அடுத்த பருவத்துல முதல் ஆட்டத்துல இவர் விளையாடுவாரா?"

"பெஞ்சுல இருப்பாரு," என்றார் டல்லக்.

"விளையாடுவாரா?"

டல்லக் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். "வாய்ப்பு உண்டுங்க. கோட்பாட்டளவுல."

"இதுவரைக்கும் அந்த வாய்ப்பு எப்பவாவது வந்திருக்கா?"

"ஒரு தடவை சாஞ்சாரு."

"அப்படின்னா உங்க ஆட்டம் எதுவும் கணக்குல வராது," என்றார் வக்கீலம்மா.

ரெவெட்டி கையைத் தூக்கினான். "அப்ப என் தடை எப்ப முடியும்மா?"

"விளையாடவேண்டிய மூணு ஆட்டத்தை நீங்க விளையாடாம இருந்ததும்."

"நான்தான் எதுலயுமே விளையாடறதில்லையே."

"அது எனக்குப் புரியுது."

"அப்ப எப்பம்மா முடியும்?"

"அதுதான் எனக்குப் புரியல," என்று அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

டட்ஃபீல்டுக்கு அப்போதுதான் உறைத்தது. "இருங்க, இருங்க. தடை முடியாட்டி இவரு பெஞ்சுல உக்காரலாமா?"

"கூடாது."

"என்னம்மா சொல்றீங்க! அந்த இடம் காலியாயிடும்! இவரு விளையாடாட்டி எனக்கு ஒண்ணும் இல்ல, உக்காராட்டி என் கதி என்ன ஆகறது?"

 வக்கீலம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். அப்போதுதான் குயினி அத்தை எழுந்தார்.

"அம்மா, நான் மட்டாய் கிளப். ஏப்ரல்ல எங்க ஆட்டம் ஆரம்பிக்குது. நீங்க விட்டா ஒவ்வொரு சனிக்கிழமையும் இவனைத்தான் முதல் ஆளா இறக்குவேன். சங்கத்து விதி குறுக்க நிக்குது. அதை எடுத்துட்டா, எங்க ஆட்டத்துல மூணை இவன் வெளிய நின்னு பாக்கட்டும். வயிறெரிஞ்சு பாப்பான், அது நிஜமான தடைதான்."

டட்ஃபீல்டின் முகம் மலர்ந்துவிட்டது. தடையைக் கிளப்பில் கழித்துவிட்டு ஆகஸ்ட்டில் மாகாண ஆட்டம் தொடங்கும்போது ஆள் பத்திரமாகப் பெஞ்சுக்கு வந்துவிடுவான் அல்லவா! "சம்மதம், சம்மதம்!" என்று கையைத் தூக்கினார். "ஆனா தடை முடிஞ்சப்புறம் கிளப்புல இவரை ஆட விடாம நீங்க மறுபடி பிடிச்சு வைக்கக்கூடாது. வெச்சா இந்தத் தீர்ப்பே பொய்யாயிடும்," என்றார் வக்கீலம்மா. டட்ஃபீல்ட் அதற்கும் தலையாட்டினார். பெஞ்சு நிரம்புகிற சந்தோஷத்தில் அந்த மனுஷர் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பார்.

டிசம்பரில் தொடங்குகிற எங்கள் ஊர்க் கோடை போயிற்று. ஏப்ரல் வந்தது. மூன்று சனிக்கிழமை ரெவெட்டி மட்டாய் மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலிக்கம்பம் சாய்ந்துவிட்டது. நாலாவது சனிக்கிழமை நல்ல மழை. எங்கள் மைதானத்தில் மழை பெய்தால் புல் எது, சேறு எது என்று மாடுகளுக்கே தெரியாது. கறுப்புக் கோட்டோடு டட்ஃபீல்டும் வந்திருந்தார், ஒரு குடைக்குக் கீழே. அடுத்த வருஷத்து ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "சும்மா ஒரு கையெழுத்து. அப்பழுக்கு இல்லாத அந்தச் சாதனை தொடரணும்னு கம்பெனிக்காரர் ஆசைப்படறாரு," என்று என்னிடம் சொன்னார். நான் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசியிருந்தால் அசிங்கமாகப் போயிருக்கும்.

முதல் ஸ்க்ரம். முதுகில் மட்டாய் ஜெர்சியின் மூன்றாம் எண்ணோடு ரெவெட்டி குனிந்தான். பூட்டிக்கொண்டார்கள். பந்து உள்ளே வந்தது. அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், மூன்று பருவமாகப் பெஞ்சில் அடக்கிவைத்திருந்த சத்தம் அது. எதிரணி ஒரு அடி போயிற்று, இரண்டு அடி போயிற்று, அப்புறம் எல்லாமாகச் சரிந்து விழுந்தது. பதினாறு பேரும் சேற்றுக்குள். அடியில் ரெவெட்டி.

விசில். எங்கள் ஊரில் மாட்டு வைத்தியர்தான் நடுவர். கையை நீட்டினார். "ஸ்க்ரம்மைச் சரிச்சது பதினெட்டு... இல்ல, மூணு. ரெவெட்டி. பெனால்டி."

 வேலியோரத்திலிருந்து ஹூரியா விசிலடித்தாள். என் தங்கைக்கு விசிலடிக்கத் தெரியும் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ரெவெட்டி எழுந்தான். எது முகம், எது ஜெர்சி என்று தெரியவில்லை. வாய்க்குள்ளிருந்து சேற்றைத் துப்பினான். பல்லெல்லாம் தெரிய நடுவரிடம் போய், குடைக்குக் கீழே நிற்கிற டட்ஃபீல்டைக் கைகாட்டினான்.

"டாக்டர், இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க. தலைவருக்குக் கேக்கல."